கோட்டுக்கு அந்தப் பக்கம்!

சாயங்காலம் அஞ்சரை மணிக்கு, ஏதாவது ஒரு காலேஜ் பேஸ்கட்பால் கோர்ட்டுக்குள்ள நுழைஞ்சிடுங்க. ரிங்குக்கு நேர் கீழே நின்னு, அப்படியே வெளியே பார்த்து நடங்க.

பழைய கோர்ட்டா இருந்தா, வெளுத்துப்போன ஒரு வளைவு முதலில் கண்ணில் படலாம். ரிங்கிலிருந்து 6.25 மீட்டர். 2010 வரைக்கும் அதுதான் மூணு பாயின்ட் கோடு. இன்னும் அரை மீட்டர் தாண்டினா இப்போதைய கோடு, 6.75. அமெரிக்காவின் என்.பி.ஏ. கோட்டுக்கு அதுக்கும் மேல அரை மீட்டர் நடக்கணும், 7.24!

அப்படியே ஓரமா மூலைக்கு வாங்க. என்.பி.ஏ.வில் இங்கே தூரம் சுமார் 6.70தான். நடுவை விட அரை மீட்டர் பக்கம், ஆனா அதே மூணு பாயின்ட். ஆடித் தள்ளுபடி மாதிரி! அதான் அங்கே ஆட்கள் மூலையில் போய்க் காத்திருக்காங்க. அதை டி.வி.யில் பார்த்துட்டு நம்ம பசங்களும் மூலைக்கு ஓடறாங்க. இங்கே மூலை 6.60. தள்ளுபடி வெறும் 15 சென்டிமீட்டர்தான் பாஸ்!

இப்போ கோர்ட்டில் பாதியை மறந்துடுங்க. மிச்சப் பாதியில் நடக்கறது ‘த்ரீ எக்ஸ் த்ரீ’. ஒரே ரிங், பக்கத்துக்கு மூணு பேர், 10 நிமிஷம். முதலில் 21 தொட்டா அப்பவே ஜெயிச்சாச்சு. 24 செகண்டுக்குப் பதில் 12 செகண்டுக்குள்ள ஷாட் போட்டாகணும். கோடு அதே 6.75தான். ஆனா உள்ளே போட்டா 1, வெளியே போட்டா 2.

இங்கேதான் கணக்கு தலைகீழாகுது. அஞ்சு பேர் ஆட்டத்தில் உள்ளேயிருந்து பத்துக்கு ஆறு போட்டா 12 பாயின்ட். வெளியிலிருந்து அதுக்கு ஈடுகட்ட பத்துக்கு நாலு விழணும். த்ரீ எக்ஸ் த்ரீயில் அதே ஆறு, வெறும் 6 பாயின்ட். வெளியே நிக்கறவனுக்கு மூணு விழுந்தாலே போதும்!

எங்க காலேஜ் த்ரீ எக்ஸ் த்ரீ டீமில் சப்ஸ்டிட்யூட்டோட சேர்த்து நாலு பேர்தான். போன மாசம் செலக்‌ஷன். ‘இவர் இல்லாம டீமே இல்லை’ன்னு நாங்க கொண்டாடின ஆறடி நாலு அங்குல சென்டர் அண்ணாவுக்கு இடமில்லை. பெஞ்சில் தண்ணி பாட்டிலுக்குக் காவல் இருந்த ஒல்லி ஜூனியர் உள்ளே! அண்ணா ரெண்டு நாள் மெஸ்ஸுக்கே வரலை. எனக்கும் கஷ்டமாத்தான் இருந்தது. உயரம் ஒண்ணும் வீணில்லை, ரீபவுண்டுக்கு ஆள் வேணும். ஆனா எதிராளி விட்ட பந்தைப் பிடிச்சாலும், கோட்டுக்கு வெளியே கொண்டு போயிட்டுத்தானே திரும்பி வரணும்?

நம்ப மாட்டேங்கறவங்க 2024 பாரிஸ் ஒலிம்பிக் ஆண்கள் ஃபைனலைத் தேடிப் பாருங்க. பிரான்ஸும் நெதர்லாந்தும் ஓவர்டைமுக்குப் போச்சு. அதில் முதலில் 2 பாயின்ட் எடுக்கறவங்க ஜெயிப்பாங்க. பிரான்ஸ் ஒண்ணு எடுத்தாச்சு. நெதர்லாந்தின் வொர்த்தி டி யோங் கோட்டுக்கு வெளியே இருந்து விட்டார் ஒரு ஷாட். 18-17. தங்கம்!

சென்டர் அண்ணா இப்பல்லாம் ரிங் பக்கமே வர்றதில்லை. எல்லாரும் கிளம்பின பிறகு 6.75-ல் நின்னு தனியா போட்டுக்கிட்டிருக்கார். நேத்து பத்துக்கு ரெண்டு விழுந்தது. இன்னும் ஒண்ணு வேணும்.