ராஜகிரியில் ஒரு நீராவி எஞ்சின்

செஞ்சிக்கு ரயிலில் போகலாம் என்று ஆசைப்படாதீர்கள். திண்டிவனத்தோடு சரி. அப்புறம் பஸ்தான். செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்கு ரயில் விடும் திட்டம் வருஷக்கணக்காக இழுத்துக்கொண்டிருக்கிறது. ஆனாலும் நான் அங்கே போனது ரயில் கதை கேட்கத்தான்!

என் பெரிய மாமா நீலகிரி மலை ரயிலில் ஃபயர்மேனாகச் சேர்ந்து டிரைவராக ரிட்டயரானவர். வயசு 75. "ராஜகிரி ஏறலாமா மாப்ளே?" என்றார். உட்கார்ந்தே எழுதிப் பிழைக்கிற உடம்பு எனக்கு. கல்யாண மகாலைத் தாண்டிக் கொஞ்ச தூரம்தான்... புஸ்... புஸ்...

"ஸ்டீம் இறங்கிடுச்சு மாப்ளே! உக்காரு."

உட்கார்ந்தோம். செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது 2025 ஜூலையில். மாமாவின் ரயில் 2005-லேயே ஏறிவிட்டது. ஆகவே கோட்டை தனக்கு ஜூனியர் என்பது அவர் கட்சி.

ரொம்ப நாள் குறையைக் கொட்டினேன். "பாரம்பரியம்னு பேரு வெச்சுட்டு, கரி எஞ்சினை எண்ணெய்க்கு மாத்திட்டாங்களே மாமா! கரி வாசனை இல்லாம அது என்ன நீராவி ரயில்?"

மாமா சிரிக்கவில்லை.

"போட்டோ புடிக்கறவனுக்கு வாசனை. எனக்கு முதுகு. கல்லாறு தாண்டினா பன்னெண்டு அடிக்கு ஒரு அடி ஏத்தம். பல் சக்கரத்தைப் புடிச்சு, பின்னாலேருந்து பெட்டிங்களைத் தள்ளணும். கரியில சாம்பல் ஜாஸ்தியா இருந்தா, எவ்வளவு அள்ளிக் கொட்டினாலும் ஸ்டீம் நிக்காது. வெயில் காலத்துல பொறி பறந்தா காட்டுல காஞ்ச புல்லு பத்திக்கும். வண்டியைப் பாக்கறதா, புல்லைப் பாக்கறதா?"

ஸ்விட்சர்லாந்தின் விண்டர்தூரில் செய்து வந்த 'எக்ஸ்' ரக எஞ்சின்கள் அவை. முதல் தொகுதி 1914 முதல் 1925 வரை வந்தது. நூறு வருஷக் கிழவர்கள்! திருச்சி பொன்மலைப் பணிமனையில் 2000-களின் தொடக்கத்தில் எண்ணெய்க்கு மாற்றும் வேலை ஆரம்பித்தது. 2011-ல் எண்ணெயில் ஓடும் புது எஞ்சினையே அங்கே செய்தார்கள்.

மாற்றம் என்றால் பெரிய ரகசியமில்லை. பாய்லர், பிஸ்டன், பல் சக்கரம் எல்லாம் பழைய கணக்குதான். அடுப்பு மட்டும் வேறே. கரி பரப்பும் இடத்தில் பர்னர். எண்ணெயை நீராவி பொடிப் பொடியாகச் சிதறடிக்க, அது குப்பென்று எரிகிறது. ஏற்றம் வந்தால் வால்வைத் திறக்கலாம், இறக்கத்தில் மூடலாம். நம் வீடுகளில் விறகு அடுப்பு போய் ஸ்டவ் வந்த மாதிரி. சாம்பார் அதே சாம்பார்தானே! (விறகடுப்பு சாம்பாரின் ருசியே தனி என்பீர்கள். மாமி காதில் விழாமல் சொல்லுங்கள்.)

மறுபடி ஏறினோம். உச்சிக்குச் சற்று முன்னால் ஒரு பெரிய பிளவு. அந்தக் காலத்தில் தூக்குப் பாலம். பாலத்தை எடுத்துவிட்டால் எதிரி அந்தப் பக்கமே நிற்க வேண்டியதுதான். இப்போது நிலையான பாலம், கைப்பிடியோடு. கீழே பார்த்துவிட்டுக் கம்பியை இறுகப் பிடித்தேன்.

"ஏன் மாப்ளே, இந்தக் கம்பி தேசிங்கு ராஜா போட்டதா?"

பி.காம். மூளைக்குப் பதில் கிடைக்கவில்லை. உச்சிக் காற்றில் மூச்சு வந்ததும் கடைசி அஸ்திரத்தை எடுத்தேன். "2021-ல பொன்மலையில புதுசா கரி எஞ்சினே செஞ்சாங்களே, தெரியுமா?"

"தெரியும். மேட்டுப்பாளையம் போய்ப் பாத்துட்டு வந்தேன்."

"அவ்வளவு தூரமா?"

கிருஷ்ணகிரி பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். "பக்கத்துல போய் நின்னேன். வாசனை... நல்லாத்தான் இருந்துச்சு."

"அப்போ கரிதான் ஒசத்தின்னு ஒத்துக்கறீங்க!"

"அள்ளறது நான் இல்லியே மாப்ளே!"