குத்தாலத்துக்கு ஸ்டேஷன் கிடையாது

சீசன் ஆரம்பிச்சதும் மெட்ராஸ் நண்பர்கள் கேக்குற முதல் கேள்வி, "குத்தாலத்துக்கு எந்த ட்ரெயின்?" குத்தாலம்னு டிக்கெட் போட்டுறாதீங்க மக்கா. மாயவரம் பக்கத்துல அந்தப் பேர்ல ஒரு ஸ்டேஷன் இருக்கு. அங்க அருவியெல்லாம் கிடையாது :-) நம்ம குற்றாலத்துக்கு வர்றவங்க தென்காசியில இறங்கி, பஸ்ஸோ ஆட்டோவோ பிடிச்சு அஞ்சாறு கிலோமீட்டர் போகணும்.

அதனாலயே வெளியூர்க்காரங்களுக்குத் தென்காசி ஜங்ஷன்னா குளிக்கப் போறப்ப இறங்குற இடம், அவ்வளவுதான். ஆனா இந்த லைன் போட்டதுக்குக் காரணம் அருவி இல்ல, மலைக்கு அந்தப் பக்கம் இருக்குற கொல்லம்.

திருநெல்வேலியில இருந்து தென்காசி வழியா செங்கோட்டைக்கு 1903-ல ரயில் வந்தது. அடுத்த வருஷமே, 1904 நவம்பர்ல, மலையைத் தாண்டி புனலூர், கொல்லம் வரைக்கும் சேர்ந்துருச்சு. அப்ப செங்கோட்டை திருவிதாங்கூர் சமஸ்தானம், தென்காசி வெள்ளைக்காரன் ஆட்சி. (செங்கோட்டை தமிழ்நாட்டோட சேர்ந்தது 1956-ல.) 1927-ல விருதுநகர் லைனும் வந்து சேர, தென்காசி ஜங்ஷன் ஆச்சு.

திருவனந்தபுரத்துக்கு 1918-ல ரயில் வந்துச்சு. ஆனா கொல்லத்துல இருந்து கோட்டயம் வழியா எர்ணாகுளத்துக்கு லைன் முழுசா முடிஞ்சது 1958-லதான். அதுவரைக்கும் திருவனந்தபுரத்துக்காரங்க ரயில்ல வெளியூர் போகணும்னா நம்ம தென்காசியைத் தாண்டித்தான் போகணும். அம்பது வருஷத்துக்கு மேல தெற்குத் திருவிதாங்கூருக்கு ஒரே ரயில் வாசல் இதுதான். இன்னைக்கு இதை யார்கிட்ட சொன்னாலும் நம்ப மாட்டேங்குறாங்க!

அப்புறம் அகலப்பாதை வந்த கதை. 2004-ல விருதுநகர் பக்கம் முடிஞ்சு பொதிகை எக்ஸ்பிரஸ் ஓட ஆரம்பிச்சது. எல்லாருக்கும் சந்தோஷம், சாயங்காலம் ஏறினா காலையில எழும்பூர். கொஞ்ச வருஷம் தென்காசியில பெரிய வண்டியும் மீட்டர்கேஜ் சின்ன வண்டியும் ஒரே ஸ்டேஷன்ல நின்னுச்சு. 2008-ல திருநெல்வேலி பக்கத்தை மூடி 2012-ல திறந்தாங்க. 2010 செப்டம்பர்ல செங்கோட்டை - புனலூர் மலைப்பாதையை மூடினாங்க. அது முழுசாத் திறக்க 2018 ஆயிடுச்சு. எட்டு வருஷம்!

மூடினப்ப பெரிய சத்தம் எதுவும் இல்ல, மெட்ராஸ் வண்டிதான் இருக்கேன்னு விட்டுட்டோம். எனக்கு அதுலதான் வருத்தம். பாவூர்சத்திரம் காய்கறியில இருந்து ஐயப்பன் கோயில் கூட்டம் வரைக்கும் இந்த ஊரோட கொடுக்கல் வாங்கல் பாதி கேரளாவோடதான். அந்த எட்டு வருஷமும் எல்லாம் புளியரை செக்போஸ்ட் வழியா ரோட்டுலதான் போச்சு, லாரிக்குப் பின்னால லாரியா. ஸ்டேஷன் நல்லா இருக்கான்னு மெட்ராஸ் வண்டியை வெச்சே அளக்குறோம். மேற்கே எத்தனை வண்டி போகுதுன்னு யாரும் எண்ணுறதில்ல.

இன்னொரு சங்கதி. ஜூன் மாசம் தென்மேற்குப் பருவக்காத்து மலையில முட்டி மழையை அந்தப் பக்கமே கொட்டிரும். ஆரியங்காவு கணவாய்ல மட்டும் இடைவெளி இருக்குறதால அது வழியா காத்தும் சாரலும் இந்தப் பக்கம் நுழையுது. குற்றாலம் சீசனே அதுதான். ரயிலுக்கு வழி பார்த்த இஞ்சினியர்களும் அதே இடைவெளியைத்தான் பிடிச்சாங்க.

சீசனுக்கு வர்றவங்க ஒரு நாள் அருவியை விட்டுட்டு இந்த வண்டியில போய்ப் பாருங்க. மதுரை - குருவாயூர் எக்ஸ்பிரஸ் பகல்லதான் மலையைத் தாண்டுது. பகவதிபுரம் தாண்டி கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் குகை, உள்ள நுழையும்போது தமிழ்நாடு, வெளிய வந்தா கேரளா. தென்மலைக்கு முன்னாடி பதிமூணு கண் பாலம், மீட்டர்கேஜ் காலத்துக் கல் கட்டடம். குகைக்குள்ள போறதுக்கு முன்னாடியே ஜன்னலை இறக்கிக்கோங்க, அந்தப் பக்கம் தூறல் இல்ல, மழை.