ஐந்து டிகிரி

தொழிற்சாலையில் யார் எதை மாற்ற நினைத்தாலும் முதலில் என்னிடம் சொல்ல வேண்டும். என் வேலை அவ்வளவுதான். சேஞ்ச் கன்ட்ரோல் என்று பெயர். ட்ரிப்ஸ் ஏற்றக் கையில் குத்தி ஒட்டிவிடுவார்களே, அந்த ஐவி கேன்யுலாதான் எங்கள் ஒரகடம் ஆலையில் தயாராகிறது. உற்பத்திப் பிரிவில் எனக்கு வைத்திருக்கும் பட்டப்பெயர் ஏழரை.

காரணம் உண்டு. பாக்கெட்டின் தாளை மாற்ற வேண்டுமென்றால், புதிய தாளோடு அது ஐந்து வருடம் தாங்கும் என்று காட்டியாக வேண்டும். அவ்வளவு காலம் யார் காத்திருப்பது? 55 டிகிரி அறையில் வைத்துச் சீக்கிரமே முதுமை வரவைக்கிறோம். பத்து டிகிரி கூடினால் பொருள் கெடும் வேகம் இரண்டு மடங்கு என்று கணக்கு. 25-லிருந்து 55-க்குப் போனால் எட்டு மடங்கு. அப்படியும் 228 நாள் ஆகிறது. மலிவாக ஒரு சப்ளையரைப் பிடித்துவிட்ட சந்தோஷத்தில் வந்து நின்ற பர்ச்சேஸ்காரரிடம் "ஏழரை மாதம் பொறுங்கள்" என்றேன். பெயர் நிலைத்துவிட்டது.

2018 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த மருத்துவ உபகரண விதிகள், 2017, மாற்றங்களைப் பெரியது, சிறியது என்று பிரிக்கின்றன. ஸ்டெரிலைஸ் செய்யும் முறையை மாற்றினாலோ, பொருளைத் தொட்டு நிற்கும் பேக்கிங்கை மாற்றினாலோ முன் அனுமதி வாங்க வேண்டும். தயாரிப்பு முறையோ இரண்டு பட்டியலிலும் வருகிறது. தரத்தைப் பாதிக்கும் என்றால் பெரியது. பாதிக்காது என்றால் சிறியது, 30 நாளுக்குள் தெரிவித்தால் போதும். பாதிக்குமா, பாதிக்காதா என்று முதலில் சொல்ல வேண்டியவர்கள் நாங்கள். இந்த இரண்டு சொற்களுக்கு நடுவில்தான் என் நாற்காலி.

ஆனால் எனக்கு அடி விழுந்தது இந்த இரண்டு வழியிலும் வராத ஒன்றால்.

கேன்யுலா பாக்கெட்டின் ஒரு பக்கம் பிளாஸ்டிக், மறுபக்கம் தாள். தாள் வழியாக எத்திலீன் ஆக்சைடு வாயு நுழைந்து உள்ளே உள்ள கிருமியைக் கொல்லும். பிறகு வெளியிலிருந்து கிருமி நுழைய அதே தாள் விடாது. இரண்டையும் சூடு வைத்து ஒட்டுகிறோம். சரியாக ஒட்டியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க வழியில்லை, பிரித்தால் அது குப்பை. அதனால் எந்தச் சூட்டிலிருந்து எந்தச் சூடு வரை ஒட்டு நன்றாக வரும் என்று முன்கூட்டியே நிரூபித்துக்கொண்டு, அந்த எல்லைக்குள் மெஷினை ஓட்டுகிறோம். எங்கள் மெஷினுக்கு 128 முதல் 140 வரை. வழக்கமாக 134.

ஒரு ஐப்பசியில் ஆஸ்பத்திரியிலிருந்து சில பாக்கெட்டுகள் திரும்பி வந்தன. லென்ஸ் வைத்துப் பார்த்தேன். வழுவழுவென்று உரிய வேண்டிய தாள் பஞ்சு பஞ்சாகக் கிழிந்திருந்தது. ஊசியின் மூடிமேல் ஒரு நார், இமை முடியில் பாதி நீளம். ரத்தக் குழாய்க்குள் போகிற பொருளுக்குப் பக்கத்தில் அது இருக்கவே கூடாது. சாயம் விட்டுப் பார்த்தோம், கசிவு இல்லை. இழுத்துப் பார்த்தோம், ஒட்டு முன்பைவிடப் பலம். அந்தப் பலம்தான் கோளாறு. கையுறை போட்ட நர்ஸ் அவசரத்தில் பிரிக்கும்போது சுத்தமாகத் திறந்துகொள்வதும் ஒட்டின் வேலை என்பதை எங்கள் தினசரிச் சோதனை கேட்கவே இல்லை.

பதிவேட்டில் 139 என்று இருந்தது. எல்லைக்குள்தான்.

"இந்தத் தாள் சரியாப் பிடிக்கல மேடம், அஞ்சு டிகிரி ஏத்தினேன்" என்றார் சீலிங் மெஷின் அண்ணன். ஐம்பதைத் தாண்டியவர்.

"ஏண்ணே என்கிட்ட சொல்லல?"

"லிமிட்டுக்குள்ளதானே இருக்கு. சொன்னா நாலு ஃபார்ம் நீட்டுவீங்க."

பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் லாக்கரைத் திறந்து ஒரு குட்டி நோட்டை எடுத்துக் கொடுத்தார். கிளீன் ரூமுக்குள் சாதாரணத் தாள் கொண்டுபோகக் கூடாது, தூசி பறக்கும். அதனால் உள்ளே பார்த்ததை மனதில் வைத்திருந்து, வெளியே வந்து கவுனைக் கழற்றிய பிறகு எழுதியிருக்கிறார். இடது பக்கம் சீட்டுக் கணக்கு. வலது பக்கம் தேதி, ரோல் நம்பர், சூடு. ஓரிடத்தில் 'தாள் மினுங்குது, பிடிக்க லேட்டாகுது'.

அந்தத் தேதியைப் பிடித்துக்கொண்டு தாள் சப்ளையரிடம் போனோம். பசை பூசும் மெஷினை மாற்றியிருந்தார்கள். சான்றிதழில் எல்லா எண்ணும் பழையபடியே. ஏன் தெரிவிக்கவில்லை என்றதற்கு ஒப்பந்தத்தைக் காட்டினார்கள்: 'குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவானாலும்' தெரிவிக்க வேண்டும். இதை அவர்கள் குறிப்பிடத்தக்கதாக நினைக்கவில்லை. அந்த வாசகத்தை எழுதியது நான்தான். பாதிக்குமா பாதிக்காதா என்ற கேள்வியை, எங்கள் பாக்கெட்டைப் பிரித்தே பார்க்காத ஒருவர் கையில் கொடுத்திருந்தேன். 128 முதல் 140 என்பது பழைய தாளின் எல்லை. புதுத் தாளுக்கு எல்லை என்று எதையும் யாரும் நிரூபித்திருக்கவில்லை.

கையிருப்பை நிறுத்தினோம், வெளியே போனதைத் திரும்ப வரவழைத்தோம். ஒப்பந்தத்தில் 'குறிப்பிடத்தக்க' என்ற சொல்லை அடித்தேன்.

இப்போது மதியம் இரண்டு மணிக்கு, ஷிஃப்ட் மாறும் நேரத்தில், டீ டம்ளரோடு லாக்கர் பக்கம் போய் நிற்கிறேன். கையில் ஃபார்ம் இருக்காது. முதல் மாதம் யாரும் வாய் திறக்கவில்லை. போன வாரம் அந்த அண்ணனே வந்தார்.

"மேடம், சீலிங் ஹீட்டரை மாத்திட்டாங்க."

மெயின்டெனன்ஸ் பதிவேட்டில் பார்த்திருந்தேன். அதே கம்பெனி, அதே பார்ட் நம்பர். பழையதைக் கழற்றி அதையே மாட்டினால் எங்கள் நடைமுறையில் அது மாற்றமே இல்லை.

"அதேதானேண்ணே?"

"அதேதான். ஆனா தெர்மோகப்பிள் சொருகுற ஓட்டை ஒரு விரக்கடை தள்ளி இருக்கு."

அப்படியென்றால் சூட்டை அளக்கும் முனை இடம் மாறியிருக்கிறது. திரையில் 134 என்றுதான் காட்டும். தாளைத் தொடுகிற தட்டில் எவ்வளவு என்று தெரியாது. டம்ளரை ஜன்னலில் வைத்துவிட்டு, தலையுறையை எடுத்து மாட்டிக்கொண்டேன்.