முதல் சுற்று

வாசுதேவநல்லூர் பக்கம் எலுமிச்சை மூட்டைகளை ஏற்றிக்கொண்டு புளியங்குடி மார்க்கெட்டுக்குக் கிளம்பும் பிக்கப் வண்டி, விடியற்காலையில் செல்ஃப் எடுக்காமல் நின்றால் தன் காரின் பேட்டரியிலிருந்து ஒயர் போட்டுக் கரண்ட் கொடுக்க ஆள் வந்துவிடும். கூடவே ஒரு வாக்குவாதமும் வந்துவிடும். "அண்ணாச்சி, உங்க காரு பெட்ரோலு, இது டீசலு. ஒயரப் போட்டா உங்க பேட்டரி போயிரும்" என்பார் ஒருவர். "கரண்டுல ஏது வே பெட்ரோலு டீசலு?" என்பார் இன்னொருவர்.

சரியாகச் சொல்பவர் இரண்டாமவர்தான். கார், ஜீப், பிக்கப், டிராக்டர் எதுவானாலும் பெரும்பாலும் 12 வோல்ட் பேட்டரிதான். உள்ளே ஆறு அறைகள். ஒவ்வோர் அறையும் தருவது 2 வோல்ட்டும் கொஞ்சமும். டாங்கியில் எந்த எண்ணெய் இருக்கிறது என்று பேட்டரிக்குத் தெரியாது. பெரிய இன்ஜின் சின்னக் காரின் பேட்டரியை எரித்துவிடும் என்ற பயமும் வேண்டியதில்லை. ஸ்டார்ட்டர் மோட்டார் தனக்கு வேண்டியதை இழுக்கப் பார்க்கும். கிடைக்காவிட்டால் வோல்ட் சரிந்து, 'டக் டக்' என்று அடித்துக்கொண்டு நின்றுவிடும்.

ஆனாலும் முதலாமவரின் தயக்கத்தை நான் தள்ளிவிட மாட்டேன். டீசல் இன்ஜினைச் சுற்றவைப்பது உண்மையிலேயே பெரிய வேலை. அதில் தீப்பொறி போடும் பிளக் கிடையாது. உள்ளே இழுத்த காற்றை 16 முதல் 20-ல் ஒரு பங்காக நெரிக்கிறது. அந்த நெரிப்பிலேயே காற்று 500 டிகிரிக்கு மேல் சூடேறி, பீய்ச்சிய டீசல் தானாகப் பற்றிக்கொள்கிறது. பெட்ரோல் இன்ஜின் நெரிப்பது ஏறக்குறைய 10-ல் ஒரு பங்கு வரைக்கும்தான்.

அந்த நெரிப்பின் பலத்தை நான் கையால் அறிந்தது ஆயில் இன்ஜினில். எங்கள் கிணற்றடியில் ஓலைக் கொட்டகைக்குள் ஒரு கிர்லோஸ்கர் இருந்தது. பேட்டரி இல்லை, ஒயர் இல்லை. கனத்த இரும்புச் சக்கரமும், தலைமாட்டில் விரல் நீளத்துக்கு ஒரு லீவரும், மூலையில் சாய்த்து வைத்த கைப்பிடியும்தான். பெரியப்பா லீவரைத் தூக்கிவிடுவார். வால்வு திறந்தபடி நிற்கும், காற்று நெரிபடாது, சக்கரம் லேசாகச் சுற்றும். "பெருவிரல மடக்காதல, நாலு விரலோட சேத்து வையி" என்பது அவர் தரும் ஒரே பாடம். இன்ஜின் திருப்பி அடித்தால், மடக்கிப் பிடித்தவனின் பெருவிரலும் மணிக்கட்டும் போய்விடும். கைப்பிடியைச் சுற்றச் சுற்ற, ஒரு கட்டத்தில் நாம் சக்கரத்தைச் சுற்றுவது போய்ச் சக்கரம் நம்மை இழுக்கத் தொடங்கும். அந்த நொடியில் லீவரைக் கீழே தட்ட வேண்டும். முன்னால் தட்டினால் சக்கரம் முட்டிக்கொண்டு நிற்கும். சரியாகத் தட்டினால் ஒரே ஒரு 'டொப்'. கரும்புகை ஒரு குப்பென்று கூரையை முட்டும். அப்புறம் அது யாரையும் எதுவும் கேட்காது, டீசல் தீரும்வரை ஓடும். பிறகுதான் பம்புக்கான பாடு. ஃபுட் வால்வு ஒழுகினால் சாணியைக் கரைத்து ஊற்றி, தண்ணீர் நிரப்பி, பெல்ட்டை மாட்டி, குழாய் வாயில் தண்ணீர் தலைகாட்டும்வரை யாரும் பேச மாட்டோம். மலையடிவாரம் முழுக்க அந்தக் காலத்தில் இந்தச் சத்தம்தான். வரப்பில் நடந்துகொண்டே, இது யார் தோட்டத்து இன்ஜின் என்று சத்தத்தை வைத்துச் சொல்லிவிடுவார்கள். 1984-ல் சிறு விவசாயிகளுக்கும் 1990-ல் எல்லா விவசாயிகளுக்கும் பம்புசெட் மின்சாரம் இலவசமான பிறகு அவை ஒவ்வொன்றாகப் பழைய இரும்புக்குப் போயின. எனக்கு அதில் இன்னும் வருத்தம் உண்டு.

டீசல் இன்ஜின் கேட்பது முதல் சுற்றை மட்டும்தான் என்று அந்தக் கொட்டகையில் தெரிந்துகொண்டேன். 1897-ல் ஆக்ஸ்பர்க் நகரில் ருடால்ஃப் டீசல் காட்டிய இன்ஜின், எரிபொருளின் ஆற்றலில் 26 சதவீதத்தை வேலையாக மாற்றி உலகத்தை அசத்தியது. அந்தத் தலைமுறை இன்ஜின்களுக்கும் முதல் சுற்றைத் தர, உருளையில் அடைத்து வைத்த அழுத்தக் காற்று வேண்டியிருந்தது. காரில் கைப்பிடியை ஒழித்து மின்சார ஸ்டார்ட்டரைக் கொண்டுவந்தவர் சார்லஸ் கெட்டரிங். 1912-ல் காடிலாக் கார்களில் அது வந்தது. நம் ஊர் டிராக்டர் ஓட்டிகள் இதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. பேட்டரி சொத்தையான வண்டியை மேட்டில் நிறுத்திவிட்டுப் போவார்கள். காலையில் சரிவில் உருட்டி கியரைப் போட்டால் ஓடிவிடும். கம்ப்யூட்டர் வைத்த இன்றைய டீசல் வண்டிகளில் பேட்டரி அடியோடு இறங்கிவிட்டால் இந்த வித்தை பலிப்பது அரிது. அதனால்தான் கேபிள் போடத் தெரிந்திருக்க வேண்டியிருக்கிறது.

அதற்கு முன் பேட்டரியைப் பற்றி ஒரு வார்த்தை. ஈயத் தகட்டையும் கந்தக அமிலத்தையும் வைத்து காஸ்டன் பிளாண்டே பேட்டரி செய்தது 1859-ல். அடிப்படை இன்றும் அதுவே. இந்த வேதியியலை ஆராய நம் மண்ணிலேயே ஒரு நிலையம் இருப்பது எனக்குப் பெருமை. காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தவர் அழகப்பச் செட்டியார். 1948-ல் நேரு அடிக்கல் நாட்டினார். நம் பேட்டரிகளைக் கொல்வது வெயில். சித்திரையில் உள்ளே தகடு அரித்து, தண்ணீர் வற்றிப்போன பேட்டரி, ஆனி ஆடிச் சாரலில்தான் படுக்கும். பழி சாரல் மேல் விழும்.

இனி செய்முறை. இரண்டு வண்டிகளும் ஒன்றையொன்று தொடக் கூடாது. சிவப்புக் கேபிளின் ஒரு முனை படுத்த பேட்டரியின் பிளஸ்ஸில், மறுமுனை நல்ல பேட்டரியின் பிளஸ்ஸில். கறுப்பு முதலில் நல்ல பேட்டரியின் மைனஸில்; கடைசி முனையைப் படுத்த பேட்டரியில் மாட்டாமல், தள்ளி, இன்ஜினின் வெற்று இரும்பில் மாட்டுங்கள். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும். பொறி அதன் பக்கத்தில் பறக்கக் கூடாது. பிளஸ், மைனஸ் மாறினால் இரண்டு வண்டிகளின் எலக்ட்ரானிக்ஸும் காலி. பேட்டரி உப்பியிருந்தாலோ ஒழுகினாலோ தொடவே வேண்டாம்.

பிறகு உதவிக்கு வந்த காரை ஸ்டார்ட் செய்து, கொஞ்சம் ரேஸ் கொடுத்தபடி பத்து நிமிடம் விடுங்கள். இந்தப் பொறுமைதான் யாரிடமும் இல்லை. மாட்டியவுடன் சாவியைத் திருப்புகிறார்கள். சின்னக் காரால் நேரடியாகச் சுற்ற முடியாத இன்ஜினை, அந்தப் பத்து நிமிடத்தில் படுத்த பேட்டரிக்குள் ஏறும் கரண்டும் சேர்ந்துதான் சுற்றும். டீசல் வண்டியில் மீட்டர் பக்கம் எரியும் சுருள் படம் போட்ட விளக்கு அணைந்த பிறகு, ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல் போகாமல் ஸ்டார்ட் பண்ணுங்கள். மலிவான மெல்லிய கேபிளை வாங்காதீர்கள். டீசல் ஸ்டார்ட்டர் சில நூறு ஆம்பியர் கேட்கும். மெல்லிய ஒயர் அதைச் சூடாகவே வீணடித்துவிடும்.

ஒன்று மட்டும் மறக்க வேண்டாம். நம் ஊர் வழியாகச் செங்கோட்டை, ஆரியங்காவு கடந்து கொல்லம் போகும் லாரிகளில் இரண்டு பேட்டரிகள் தொடராக இணைந்து 24 வோல்ட் இருக்கும். லாரி டிரைவர் கை காட்டினால் காரை நிறுத்துங்கள், தண்ணீர் கொடுங்கள், பின்னால் வரும் இன்னொரு லாரியை மறித்துக் கொடுங்கள். உங்கள் கேபிளை மட்டும் அதில் மாட்டாதீர்கள்.