டிபன் ஆச்சா?

எங்கள் பாகூர் பக்கம் காலையில் யாரைப் பார்த்தாலும் ‘குட்மார்னிங்’ சொல்கிற வழக்கமில்லை. ‘சாப்டாச்சா?’ என்றுதான் கேட்பார்கள். ‘ஆச்சு’ என்று சொல்லிவிட்டால் விஷயம் அதோடு முடிந்தது. ‘இல்லை’ என்று சொன்னீர்களோ, தொலைந்தீர்கள்! ‘ஏன், உடம்பு சரியில்லையா? வீட்ல சண்டையா? சம்பளம் போடலையா?’ என்று வரிசையாக மூன்று கேள்விகள் வரும்.

இப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு, ஏழு மாதம் காலை டிபன் சாப்பிடாமல் இருந்து காட்டிய வீரன் நான்.

லட்சியம் ஒன்றும் இல்லை, சார். எல்லாம் எட்டேகால் பஸ் செய்த வேலை. பாகூரிலிருந்து பாண்டிக்கு ஏறத்தாழ இருபது கிலோமீட்டர். எட்டேகாலை விட்டால் அடுத்த பஸ்ஸில் படிக்கட்டுதான் சீட். ஆபீஸில் விரல் வைக்கிற மெஷின் வேறு! ஹெட் கிளார்க்காக இருந்தால் காலில் விழலாம். மெஷினுக்குக் கால் கிடையாது.

என் மனைவி முதல் தோசையைத் திருப்பும்போது நான் ஷூவுக்குள் காலை விட்டுக்கொண்டிருப்பேன். ‘ஒரு தோசையாவது துன்னுட்டுப் போங்க’ என்று அவள் தட்டோடு வாசல்வரை ஓடி வருவாள். பாதித் தோசையை வாயில் கவ்விக்கொண்டு நான் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடுவேன். ஒருநாள் அந்தக் காரச் சட்னி என் கைவழியாக ஒரு பைலுக்கும் போய்விட்டது. சூப்பரின்டெண்ட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுக் கேட்டார்: “இது எந்த டிபார்ட்மென்ட் சீல்?”

அன்றோடு டிபனுக்கு ஒரு கும்பிடு போட்டேன்.

எனக்குத் தைரியம் கொடுத்தவர் பக்கத்து சீட் நண்பர். வில்லியனூர்க்காரர். “பதினாறு மணி நேரம் வயித்துக்கு லீவு விட்டுப் பாருப்பா. நமக்கு மட்டும் சனி, ஞாயிறு. வயிறு என்ன பாவம் பண்ணிச்சு?” என்பார். ஆறு கிலோ குறைந்திருந்தார். பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டிருந்ததைத் தூக்கிக் காட்டுவார். எனக்கும் அந்த ஓட்டை மேல் ஆசை வந்தது.

கட்சியில் சேர்ந்தவன் கொள்கை விளக்கம் படிக்க வேண்டாமா? படித்தேன்.

‘காலைச் சாப்பாடுதான் நாளின் மிக முக்கியமான சாப்பாடு’ என்கிறார்களே, அது ஏதோ மகரிஷி வாக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். 1917-லேயே அமெரிக்காவில் ஒரு ஆரோக்கியப் பத்திரிகையில் இந்தக் கருத்து வந்திருக்கிறது. அந்தப் பத்திரிகையை நடத்தியவர் டாக்டர் ஜான் ஹார்வி கெல்லாக். அவருடைய தம்பிதான் 1906-ல் கார்ன்ஃப்ளேக்ஸ் கம்பெனி ஆரம்பித்தவர்! அண்ணன் தம்பிக்குள் கோர்ட் கேஸ் நடந்தது தனிக் கதை. காலைச் சாப்பாட்டின் மகிமையை நமக்குச் சொன்னவர்களில் அதை டப்பாவில் அடைத்து விற்றவர்களும் உண்டு என்பதை மட்டும் குறித்துக்கொண்டேன்.

அடுத்து, இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகம். 2014-ல் வெளியான ஆய்வு. ஒல்லியான 33 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு கோஷ்டிக்கு ஆறு வாரம் காலைச் சாப்பாடு. இன்னொரு கோஷ்டிக்குப் பகல் பன்னிரண்டு மணிவரை தண்ணீர்தான். ‘டிபன் சாப்பிடாவிட்டால் உடம்பு எரிசக்தியைக் குறைத்துக்கொள்ளும், அதனால் குண்டாவாய்’ என்று பயமுறுத்துவார்களே, அப்படி ஒன்றும் நடக்கவில்லை. எடையிலும் இரண்டு கோஷ்டிக்கும் பெரிய வித்தியாசமில்லை. சாப்பிட்டவர்கள் காலை நேரத்தில் கொஞ்சம் கூடுதலாக ஓடியாடி வேலை செய்தார்கள், அவ்வளவுதான். (இந்தக் கடைசி வரியை நான் யாருக்கும் சொல்வதில்லை.)

2019-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் 13 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து ஒரு கட்டுரை வந்தது. காலையில் சாப்பிடுகிறவர்கள் நாளொன்றுக்குச் சுமார் 260 கலோரி கூடுதலாக உள்ளே தள்ளுகிறார்கள். எடை அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாகக் கூடுகிறது. ‘இந்த ஆய்வுகளின் தரம் குறைவு, ஜாக்கிரதையாக எடுத்துக்கொள்ளுங்கள்’ என்றும் எழுதியிருந்தார்கள். ஜாக்கிரதையாக அந்த வரியையும் விட்டுவிட்டேன்.

நம் பாண்டிச்சேரிக்கென்று ஒரு பாயின்ட் இல்லாமலா? பிரெஞ்சுக்காரர்கள் காலை டிபனுக்கு வைத்திருக்கும் பெயர் ‘பெத்தி தெஜூனே’. தெஜூனே என்றால் இப்போது மதியச் சாப்பாடு. பெத்தி என்றால் சின்னது. ஆக, ‘சின்ன மதியச் சாப்பாடு’! தனக்கென்று ஒரு பெயர்கூட இல்லாத சாப்பாட்டை ஏன் சாப்பிட வேண்டும் என்று பஸ்ஸில் ஒரு பென்ஷன்காரரிடம் வாதாடினேன். அவர் பிரெஞ்சு படித்தவர். “தம்பி, தெஜூனே என்றாலே உபவாசத்தை முடிக்கிறது என்றுதான் மூல அர்த்தம். நீ இன்னும் முடிக்கவில்லை போலிருக்கிறது, அதான் இவ்வளவு கோபம்” என்றார்.

* * *

இதெல்லாம் என்னோடு நின்றிருந்தால் இந்தக் கட்டுரையே வந்திருக்காது.

என் அப்பாவுக்கு அறுபத்தேழு வயது. சர்க்கரை வந்து பதினோரு வருஷம். இன்னும் கழனிக்குப் போகிறார். அவர் காலத்துக் காலைச் சாப்பாடு வேறு மாதிரி. விடியற்காலை ஐந்து மணிக்கு வெறும் வயிற்றோடு இறங்குவார்கள். ஒன்பது, ஒன்பதரைக்குத்தான் வரப்பில் உட்கார்ந்து கேழ்வரகுக் கூழோ பழைய சோறோ, கூட ஒரு வெங்காயம், மோர் மிளகாய். இட்லி தோசை எல்லாம் தீபாவளிக்கும் விருந்தாளிக்கும்தான். நாலு மணி நேரம் வேலை செய்து பசியைச் சம்பாதித்து, அதற்குப் பிறகு சாப்பாடு. வில்லியனூர் நண்பரின் அப்பாவுக்கு ஏ.எஃப்.டி. மில்லில் வேலை. அங்கே ஷிப்டுக்குத் தகுந்தபடி வயிறு. 1898-ல் ஆரம்பித்த அந்த மில் 2020-ல் மூடிவிட்டது. மில் சங்கு ஊதினால் சைக்கிள் எடுப்பார்களாம், தூக்குவாளி ஹேண்டில்பாரில் ஆடும்.

“பாருங்கப்பா, நீங்களே அந்தக் காலத்துல ஏழு மணிக்கு டிபன் சாப்பிட்டதில்லையே! ஒரு வேளை சாப்பிடுறவன் யோகி, மூணு வேளை சாப்பிடுறவன் ரோகின்னு சும்மாவா சொன்னாங்க? காலையில விட்டுடுங்க. சர்க்கரை தானா இறங்கும்” என்றேன்.

அப்பா நான் சொல்வதை எல்லாம் கேட்கிற ரகமில்லை. வெங்காய விலையில்கூட என்னை நம்பமாட்டார். ஆனால் பையன் படித்தவன், ஆபீஸ் உத்தியோகம், செல்போனில் டாக்டர்கள் பேசுவதை எல்லாம் கேட்கிறான். “சரிடா, பார்ப்போம்” என்றார்.

டிபனை விடச் சொன்னேன். மாத்திரையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்குத் தோன்றவே இல்லை.

ஐந்தாம் நாள் காலை பதினொரு மணிக்கு ஆபீஸில் போன். களை எடுக்க ஆள் வந்திருந்தது. அப்பா வரப்பில் உட்கார்ந்தபடி வேர்த்துக் கொட்டியிருக்கிறார். கை நடுங்குகிறது. பேச்சு குழறுகிறது. நம் ஊரைப் பற்றித்தான் தெரியுமே! “பெருசு காலையிலயே ஏத்திக்கிச்சு போல” என்று ஒருவர் சிரித்திருக்கிறார். அப்பா வாழ்நாளில் தொட்டதில்லை. களை எடுக்க வந்த ஒரு ஆயாதான், “இன்னாங்கடா சிரிக்கிறீங்க, சக்கரை எறங்கிப் போச்சுடா!” என்று கத்தி, ஆட்களுக்கு வந்த டீயில் சர்க்கரையை அள்ளிப் போட்டுக் குடிக்க வைத்திருக்கிறார். அந்த ஆயாவின் வீட்டுக்காரருக்கும் இதே வியாதி. படித்த படிப்பு அதுதான்.

நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அப்பா உட்கார்ந்திருந்தார். கொண்டுவந்து சேர்த்தபோது சர்க்கரை 48. எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்துக் கணக்கு.

டாக்டர் கேட்டார்: “மாத்திரை போட்டீங்களா?”

“போட்டேங்க.”

“சாப்பிட்டீங்களா?”

அப்பா என்னைப் பார்க்கவில்லை. “கழனிக்கு அவசரமா போயிட்டேங்க. மறந்துட்டேன்.”

நான் சுவரோரம் நின்றிருந்தேன். பாத் பல்கலைக்கழகத்தின் 33 பேரைப் பற்றி மூச்சு விடாமல் பேசுகிற வாய், திறக்கவில்லை.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்ததும் அப்பா கேட்ட முதல் கேள்வி: “ஆபீஸ்ல லீவு சொல்லிட்டு வந்தியா? சம்பளத்துல புடிச்சிடப் போறான்.”

எழுந்து மறுபடியும் உள்ளே போனேன். “டாக்டர், அவர் மறக்கலை. நான்தான் சாப்பிட வேணாம்னு சொன்னேன். அஞ்சு நாளா சாப்பிடலை.”

டாக்டர் பேனாவை மூடினார். திட்டுவார் என்று நினைத்தேன். ஸ்டூலைக் காட்டி உட்காரச் சொன்னார். “அஞ்சு நாளான்னு எனக்குத் தெரிய வேணாமா? நல்லவேளை சொன்னீங்க” என்று ஆரம்பித்து, நான் ஏழு மாதம் படித்ததில் இல்லாததை ஏழு நிமிஷத்தில் சொன்னார்.

சாதாரண ஆளுக்கு ஈரலில் சுமார் நூறு கிராம் சர்க்கரை சேமிப்பு இருக்கிறது. ராத்திரி தூங்கும்போது அதிலிருந்துதான் உடம்பு செலவு செய்கிறது. ஒரு வேளை டிபன் போனால் குடி முழுகிவிடாது. ஆனால் அப்பா போடுவது கணையத்தைத் தட்டி எழுப்பி இன்சுலினைச் சுரக்க வைக்கிற மாத்திரை. சாப்பாடு உள்ளே வந்ததா, இல்லையா என்று அதற்குத் தெரியாது. அது பாட்டுக்குச் சர்க்கரையை இறக்கும். கூடவே வெயிலில் வேலை வேறு. இன்சுலின் ஊசி போடுகிறவர்களுக்கும் இதே கதிதான். “நினைவு இருந்ததால டீ கொடுத்தது சரி. நினைவு தப்பினவங்க வாயில எதையும் ஊத்தக் கூடாது, உடனே தூக்கிட்டு வரணும்” என்றார்.

சர்க்கரைக்காரர்கள் 22 பேரை வைத்து 2015-ல் நடந்த ஒரு ஆய்வையும் பிறகு பார்த்தேன். காலையில் பட்டினி கிடந்த நாளில், மதியமும் ராத்திரியும் அதே சாப்பாட்டைச் சாப்பிட்டும் அவர்களுக்குச் சர்க்கரை கூடுதலாக ஏறியிருக்கிறது. ‘தானா இறங்கும்’ என்று நான் சொன்ன வைத்தியம் இது!

* * *

சரி, காலை டிபன் தேவையா, இல்லையா?

‘யாருக்கு?’ என்று கேட்காமல் இதற்குப் பதில் சொல்லக் கூடாது. இவ்வளவுதான் நான் கற்றது. சர்க்கரை மாத்திரை போடுகிறவருக்கு டாக்டரைக் கேட்காமல் விடக் கூடாது. பிள்ளை சுமக்கிற பெண்ணுக்கு வேண்டும். வளர்கிற குழந்தைக்குக் கட்டாயம் வேண்டும். பாண்டிச்சேரியில் 1930-லேயே பிரெஞ்சு நிர்வாகம் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு ஆரம்பித்தது. பிறகு ராஜீவ் காந்தி பெயரில் காலையில் பால் கொடுக்கும் திட்டம் வந்தது. தமிழ்நாட்டில் 2022 செப்டம்பர் 15-ந் தேதி மதுரையில் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கினார்கள். சாப்பிடாமல் இருப்பது வேறு, சாப்பிட இல்லாமல் இருப்பது வேறு. பசியோடு வாய்ப்பாடு சொல்கிற பிள்ளையிடம் போய் 13 ஆய்வுகளைப் பற்றிப் பேச முடியுமா?

நாற்காலியில் உட்கார்ந்து பைல் தள்ளுகிற, வியாதி இல்லாத என்னைப் போன்ற ஆசாமிக்கு? பசித்தால் சாப்பிடலாம், பசிக்காவிட்டால் விடலாம். முன்பு சாப்பிட்டது செரித்ததா என்று பார்த்துச் சாப்பிடச் சொன்னார் வள்ளுவர். எட்டேகால் பஸ்ஸைப் பார்த்து விடச் சொல்லவில்லை. வில்லியனூர் நண்பர் இன்னும் விரதம்தான். ஆனால் பதினொரு மணிக்கு டீக்கடையில் இரண்டு போண்டா சாப்பிடுகிறார். கேட்டால், “இது டிபன் இல்லப்பா, ஸ்நாக்ஸ்” என்கிறார். பெல்ட்டில் பழைய ஓட்டைக்கே வந்துவிட்டார்.

நான் இப்போது அலாரத்தை இருபது நிமிஷம் முன்னால் வைத்திருக்கிறேன். ஏழரைக்கு அப்பாவும் நானும் பக்கத்துப் பக்கத்தில் உட்காருகிறோம். அவருக்கு மூன்று இட்லி, எனக்கு இரண்டு. எனக்குப் பசி இருக்கிறதோ இல்லையோ, அவர் சாப்பிடுவதை என் கண்ணால் பார்த்துவிட்டுப் போனால்தான் ஆபீஸில் வேலை ஓடுகிறது.

நேற்றும் மாத்திரையை விழுங்கிவிட்டு, தட்டைப் பார்த்தபடி சும்மா உட்கார்ந்திருந்தார்.

“ஏன்ப்பா, ஆரம்பிக்கலையா?”

“நீ சொல்லுடா. ஒன் ஆராய்ச்சி இன்னா சொல்லுது, துன்னலாமா?”