மச்சுப்படி

எங்கள் கிராமத்து வீட்டு மச்சுப்படியின் அடிப்பலகையில் இரண்டு ஓட்டைகள் இருக்கும். தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டிருந்த ஆணிகளைப் பிடுங்கிய இடம். ரயில்வேயில் பழைய சிலிப்பர் கட்டைகளைக் கழித்து ஏலம் விட்ட வருஷம், கோவில்பட்டிக்குப் பருத்திப் பொதி ஏற்றிப்போன வண்டியில் அய்யா திரும்பும்போது ஒரு கட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். எண்ணெய் ஊறிக் கறுத்த கட்டை. பல மாதம் வரைக்கும் வீட்டுக்குள் ரயில்வே ஸ்டேஷன் வாடை அடித்தது. நான் அந்த ஓட்டைகளுக்குள் சிலேட்டுக் குச்சியை ஒளித்து வைப்பேன். அக்கா அதை ஈர்க்குச்சியால் நோண்டி எடுத்துவிடுவாள்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு உளியையும் இழைப்புளியையும் கையில் எடுத்தேன். முதலில் ஒரு மணை. பிறகு பேத்திக்கு மூன்று சக்கர நடைவண்டி. அப்புறம் பரணில் ஏற இரண்டு படி வைத்த முக்காலி. எதைச் செய்ய உட்கார்ந்தாலும் புத்தி முதலில் அந்த இரண்டு ஓட்டைகளுக்குள் போய்விட்டுத்தான் வருகிறது.

அந்த மரப்படி வருவதற்கு முன்னால் முற்றத்தில் மச்சுக்கு ஏற ஒரு செங்கல் படி இருந்தது. கட்டிய மறுவருஷம் சித்திரை வெயிலில் அது சுவரை விட்டு விலகி நின்றது. அம்மா அந்த இடைவெளியில் விளக்குமாற்றைச் சொருகி வைத்தாள். ஐப்பசி மழையில் இடைவெளி மூடிக்கொண்டது. அடுத்த கோடையில் இன்னும் அகலமாகத் திறந்தது. மூன்றாம் வருஷம் படியே இரண்டாகப் பிளந்தது. கொத்தனாரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கரிசல் அப்படி. அந்தக் களிமண்ணில் மான்ட்மோரில்லோனைட் என்றொரு தாது இருக்கிறது. அது அடுக்கடுக்காகத் தண்ணீரை வாங்கி ஊதும், காய்ந்தால் சுருங்கும். கோடையில் எங்கள் காட்டில் ஆட்டுக்குட்டியின் கால் மாட்டிக்கொள்ளும் அளவுக்கு வெடிப்பு விடும். நான் தவறவிட்ட கோலிக்குண்டுகள் எத்தனையோ அதற்குள் கிடக்கின்றன. வீடு கட்டுகிறவர்கள் கரிசலைத் தோண்டி எறிந்துவிட்டு, சுக்கான் பாறை தட்டுப்படும் வரை வானம் பறித்துச் சரளைக் கொட்டி நிரப்பி அஸ்திவாரம் போடுவார்கள். வீட்டுக்கு அவ்வளவு செய்பவர்கள் முற்றத்துப் படிக்குச் செய்வதில்லை.

ஆசாரி தாத்தா வந்து பிளந்த படியைப் பார்த்தார். காலால் ஒரு செங்கலை நெம்பினார்.

“கரிசல் நடக்கிற மண்ணு எய்யா. அதுல கொண்டுபோயிச் சுவரோட சேத்துக் கட்டிப்போட்டா அறுத்துக்கிட்டுத்தான போகும்? நாம நிக்கிற மாதிரி படியவும் சும்மா நிக்க விடுவோம்.”

அவர் செய்த படி அப்படித்தான் நின்றது. மேலே உத்திரத்தில் இரண்டு இரும்புக் கொக்கிகள் மாட்டியிருக்கும். கீழே இரண்டு தட்டைக் கல்லின் மேல் கால்கள் வெறுமனே ஊன்றியிருக்கும். தரை ஏறினால் கொக்கியில் கொஞ்சம் தளரும், இறங்கினால் தொங்கும். விரிசல் என்ற பேச்சே கிடையாது.

அளவெடுத்த விதத்தை இன்றைக்கும் யாரிடமாவது சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவரிடம் டேப் இல்லை. தரையிலிருந்து மச்சுத் தளம் வரை ஒரு நூலைப் பிடித்து அறுத்தார். ஏழரை அடி. அந்த நூலை மூன்றாக மடித்தார். மடித்ததை மறுபடி மூன்றாக மடித்தார். ஒன்பது மடிப்பு, ஒரு மடிப்பு பத்து அங்குலம். ஒரு சீவிய குச்சியில் அந்த நீளத்துக்கு உளியால் கீறிக்கொண்டார். எட்டுப் பலகை, ஒன்பதாவது மச்சுத் தளம். லாபம், நஷ்டம் என்று எண்ணிக்கொண்டே ஏறினால் மச்சில் கால் வைக்கும்போது லாபம் வரவேண்டும் என்பது எங்கள் ஊர்க் கணக்கு. அதுவும் சரியாக வந்தது. வேலை முடிகிற வரை அந்தக் குச்சியைத் தவிர வேறு அளவு எதையும் அவர் நம்பவில்லை. ஒவ்வொரு பலகையும் ஏறியபின் குச்சியை வைத்துப் பார்ப்பார். ஒரு நெல் மொத்தம் கூடினாலும் கழற்றுவார்.

பக்கப்பலகைகள் வேம்பு. கிணற்றடி வேப்பமரம் காற்றில் சாய்ந்தபோது அய்யா அதை விறகுக்குக் கொடுக்கவில்லை. கண்மாயில் தண்ணீர் கிடந்த மாதங்கள் முழுக்க அதை ஊறப்போட்டார்கள். மரத்துக்குள் இருக்கும் மாவுச் சத்துக்காகத்தான் வண்டு துளைக்கிறது. ஊறினால் அது கரைந்து போய்விடும். ஊறிய மரத்தைக் கரையேற்றும்போது அடித்த நாற்றத்தில் நாங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினோம். பிறகு நிழலில் ஒரு வருஷம் காயவிட்டார்கள். மிதிபலகைகளுக்குக் கண்மாய்க் கருவேலம், வெளிறைச் சீவி எறிந்துவிட்டு வைரத்தை மட்டும் எடுத்தது. அடிப்பலகைக்கு சிலிப்பர் கட்டை, கீழே கனம் இருந்தால் படி ஆடாது என்பதற்காக. மிச்சத்தைத் தொழுவத்துக்குப் போட்டார்கள்.

ஆணி ஒன்றுகூடக் கிடையாது. பக்கப்பலகையில் காடி எடுத்து மிதிபலகையைச் சொருகினார். மூன்று பலகைகளுக்கு மட்டும் கழுந்து விட்டு வெளியே நீட்டி ஆப்பு அடித்தார். ஆணி ஆடும், ஆப்பு இறுகும் என்றார். மரம் நீளத்தில் அசையாது, அகலத்தில்தான் மழைக்கு ஊதி வெயிலுக்குச் சுருங்கும். கரிசலின் குணமும் மரத்தின் குணமும் ஒன்றுதான் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. கதவு மாட்டும்போது நிலைக்கும் கதவுக்கும் நடுவே எட்டணாக் காசைச் சொருகிப் பார்ப்பார். காசு நுழையவில்லை என்றால் ஐப்பசியில் கதவு பிடிக்கும். வருஷம் ஒருமுறை, களத்தில் அவருக்கான தானியப் பங்கை, எங்கள் பேச்சில் சுதந்திரத்தை, வாங்க வரும்போது வீட்டுக்குள் வந்து ஆப்புகளையெல்லாம் கொட்டாப்புளியால் தட்டிப் பார்த்துவிட்டுப் போவார். யாரும் கூப்பிட்டு வந்ததில்லை.

மரம் காய்ந்த எங்கள் பூமியில் ஒரு மரச்சாமான் செய்வது வீட்டில் கல்யாணம் மாதிரி. பக்கத்து இடைசெவல்காரரான கி. ராஜநாராயணன் அதைக் கண்டுகொண்டு எழுதியவர். அவருடைய ‘நாற்காலி’ கதையில் வீட்டுக்கு வந்த சப் ஜட்ஜ் முக்காலியிலிருந்து விழுந்த பிறகுதான் நாற்காலி செய்கிற யோசனையே பிறக்கிறது. ‘கதவு’ கதையில் தீர்வை பாக்கிக்காகக் கதவைக் கழற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். பிள்ளைகள் அந்தக் கதவில் ஏறி விளையாடியவர்கள். படித்தபோது எனக்குப் புதிதாக ஒன்றும் இருப்பதாகத் தோன்றவில்லை, எங்கள் மச்சுப்படியில் நாங்களும் அப்படித்தான் பஸ் ஓட்டினோம். அடிப்பலகையின் இரண்டு ஓட்டைகளும் பஸ்ஸின் விளக்குகள். 2021 மே மாதம் அவர் புதுச்சேரியில் மறைந்து உடலை இடைசெவலுக்குக் கொண்டுவந்த நாளில், அந்தக் கதவை நினைத்து அழுதேன்.

அம்மா அந்தப் படியின் மூன்றாம் பலகையில் உட்கார்ந்துதான் தீப்பெட்டி ஒட்டுவாள். அட்டைப் பெட்டி வருவதற்கு முந்திய காலம். கேரளத்து மரத்தைத் தாள் மாதிரிச் சீவிய பட்டைகள் கட்டுக் கட்டாக வரும். மைதாப் பசையில் மயில்துத்தம் கலந்திருக்கும், பூச்சி அரிக்காமலிருக்க. எங்களை அதில் கைவைக்க விடமாட்டாள். மடித்து ஒட்டி, குரோஸ் கணக்கில் மேல்பலகைகளில் காயப்போடுவாள். படி முழுக்கச் சின்னச் சின்ன மரப்பெட்டிகளாக இருக்கும், நாங்கள் ஏற இடம் இருக்காது. அந்தப் பட்டையின் வாசனை வேறு, வேம்பின் வாசனை வேறு, கருவேலத்தின் வாசனை வேறு. கண்ணைக் கட்டிவிட்டாலும் எது எதுவென்று சொல்லிவிடுவேன்.

அம்மாவைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

கோவில்பட்டியில் நான் வீடு கட்டியபோது மாடிக்கு கான்கிரீட் படி. ஒவ்வொன்றும் ஏழு அங்குல உயரம், பத்து அங்குல மிதி. வீடு பூர்த்தியான பிறகு தரைக்கு டைல்ஸ் போட்டோம். கலவையும் டைல்ஸுமாகத் தரை இரண்டு அங்குலம் ஏறியது. படிகளுக்கு எதுவும் போடவில்லை, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். அடிப்படி மட்டும் ஐந்து அங்குலமாகிவிட்டது. கண்ணுக்குத் தெரியவில்லை. எனக்கே தெரியவில்லை.

அம்மா மாடியில் வற்றல் காயப்போட்டுவிட்டு இறங்கிவந்தாள். ஏழு ஏழாக இறங்கிவந்த கால், கடைசியில் தரை இரண்டு அங்குலம் முன்னதாகவே வந்து இடித்ததில் தடுமாறியது. கையை ஊன்றி விழுந்ததில் மணிக்கட்டு முறிந்தது.

“படி என்னய்யா செய்யும், நாந்தான் பாக்காம வச்சிட்டேன்” என்றாள் ஆஸ்பத்திரியில்.

பார்த்து வைக்கிற கால் எங்கே இருக்கிறது? முதல் இரண்டு படியைத்தான் கண் பார்க்கும். பிறகு உடம்பு அந்த உயரத்தைக் கற்றுக்கொண்டு தானே நடக்கும். பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் பிரான்சுவா புளோந்தெல் 17-ஆம் நூற்றாண்டிலேயே இதற்கு ஒரு கணக்கு எழுதி வைத்திருக்கிறார்: படியின் உயரத்தை இரட்டித்து மிதியின் அகலத்தைக் கூட்டினால் 24 அங்குலம் வரவேண்டும். சமதரையில் மனிதன் எட்டு வைப்பது இரண்டடி, ஓர் அங்குலம் மேலே ஏற இரண்டு அங்குல எட்டு செலவாகிறது என்பது அவர் எண்ணம். என் வீட்டுப் படிக்கு அந்தக் கணக்கு அச்சாகப் பொருந்தியது, அடிப்படியைத் தவிர. நம் நாட்டுத் தேசியக் கட்டட விதித்தொகுப்பும் வீடுகளுக்குப் படி உயரம் 190 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது, மிதி 250-க்குக் குறையக் கூடாது என்கிறது. ஏழு அங்குலம் அதற்குள்தான் வருகிறது. ஆசாரி தாத்தாவின் பத்து அங்குலம் எந்த விதிக்கும் அடங்காது. ஆனால் அம்மா அதில் தலையில் பருத்திக் கடகத்தோடு ஏறி இறங்கியவள். ஒருநாளும் விழுந்ததில்லை.

அந்த வாரமே கணக்குப் போட்டேன். தரையிலிருந்து முதல் திருப்பம் வரை ஏழு ஏற்றம். மொத்தம் 49 அங்குலம் இருக்கவேண்டியது 47 ஆகிவிட்டது. தரையை இறக்க முடியாது, படிகளைத்தான் ஏற்ற வேண்டும், அதுவும் ஒரே அளவில் ஏற்றினால் கோளாறு மேல்படிக்குப் போய்விடும். நூலை ஏழாக மடிப்பது லேசில்லை. மகள் செல்போனில் வகுத்துச் சொன்னாள்: ஒரு படிக்கு 6.71. முதல் படியின் மேல் ஒன்றே முக்கால் அங்குலக் கனத்தில் பலகை, அடுத்ததற்கு ஒன்றரைக்குச் சற்றுக் குறைவு, அப்படியே தேய்ந்துகொண்டே போய் ஆறாவது படிக்குக் கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல். திருப்பத்தில் ஒன்றுமில்லை. ஆறு பலகை, ஆறு கனம்.

மரம்? தேக்கு வாங்கத் தெம்பில்லை. விளாத்திகுளம் ரோட்டில் கரி மூட்டம் போடுகிற இடத்தில் சீமைக் கருவேலங்கட்டைகள் மலையாகக் கிடந்தன. எல்லோரும் வைகிற மரம். நிலத்தை அடைத்துக்கொண்டது என்று உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரை வழக்கு போய், வெட்டச் சொல்லி உத்தரவும் வந்தது. வைவதில் நியாயம் உண்டு. ஆனால் அதன் வைரத்தை இழைத்துப் பார்த்தவர்கள் நம் ஊரில் குறைவு. அர்ஜென்டினாவில் இதன் பங்காளி மரத்தில் மேசையும் நாற்காலியும் கதவும் செய்கிறார்கள். இந்த இனத்து மரம் மற்ற மரங்களைப் போல ஊதிச் சுருங்காது என்பதுதான் அதன் பெரிய குணம். நடக்கிற மண்ணில் நடக்காத மரம் வளர்ந்து நிற்கிறது, நாம் அதை மூட்டம் போட்டுக் கரியாக்கி லாரியில் ஏற்றுகிறோம். எனக்கு இது பொறுக்கவில்லை.

நேரான கட்டை கிடைப்பதுதான் பாடு. ஒன்றரை அடிக்கு மேல் நேராக ஓடுவது அபூர்வம். மூட்டக்காரரிடம் கேட்டுக் கேட்டு, தொடைப் பருமன் கட்டைகளாகப் பொறுக்கி, அறுவை மில்லுக்குக் கொண்டுபோனேன். பல் போகும் என்று மில்காரர் தயங்கினார். மூன்று அங்குலப் பட்டைகளாக அறுத்து வாங்கிவந்து, பக்கத்தில் பக்கம் ஒட்டிப் பலகையாக்கினேன். இழைக்க இழைக்கத் தவிட்டு நிறம் எழுந்தது. கைகளில் சிராய் ஏறாத நாளில்லை. ஒவ்வொரு பலகையையும் பதித்த பிறகு, கீறல் போட்ட ஒரு குச்சியை வைத்துப் பார்த்தேன். நாலாவது படியில் ஒரு நெல் மொத்தம் கூடியிருந்தது. கழற்றி மறுபடி இழைத்தேன்.

கட்டுப் பிரித்த கையோடு அம்மா அந்தப் படியில் ஏறினாள். பாதியில் நின்று, பெருவிரலால் பலகையைத் தேய்த்துப் பார்த்து, “நம்ம மச்சுப்படி மாதிரி இருக்கு” என்றாள். அதற்குப் பிறகு நாலு வருஷம் ஏறி இறங்கினாள். ஒவ்வொரு ஐப்பசியிலும் பலகைகளுக்கு நடுவே நகத்தை விட்டுப் பார்க்கிறேன், இதுவரை ஒன்றும் தூக்கவில்லை.

கிராமத்து வீடு இப்போது இல்லை. பக்கப்பலகைகள் விறகாகப் போயின. சிலிப்பர் பலகையை மட்டும் கொண்டுவந்து வாசலில் உட்காரப் போட்டிருக்கிறேன். பேத்தி அந்த ஓட்டைகளுக்குள் பென்சில் துண்டுகளைப் போட்டு வைக்கிறாள்.

வீடு கட்டிக்கொண்டிருப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். தரை போட வந்தவர் வேலையை முடித்துக் கிளம்பும் முன், மேல்படிக்கு அளவெடுத்த குச்சியையே அடிப்படிக்கும் வைத்துப் பாருங்கள். சரியாக இல்லையென்றால் அவரைப் போகவிடாதீர்கள்.