இருட்டில் குறி பார்க்கப் பழகுவது

செஞ்சிக் கோட்டை என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது தேசிங்கு ராஜாவும் அவன் குதிரையும்தான். ஆனால் இரவுச் சண்டை பற்றிப் பேசும்போதும் செஞ்சியைச் சொல்லியே ஆக வேண்டும்.

சிவாஜியின் மகன் ராஜாராம் தஞ்சம் புகுந்திருந்த இந்தக் கோட்டையைப் பிடிக்க ஔரங்கசீப்பின் படைக்கு 1690 முதல் 1698 வரை ஆனது. அதே கோட்டை 1750 செப்டம்பர் 11 அன்று, புஸ்ஸி என்ற பிரெஞ்சுத் தளபதியிடம் ஒரே இரவில் விழுந்துவிட்டது!

எப்படி? ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைகள், அவற்றை இணைக்கும் மதில்கள். ராஜகிரி மட்டும் சுமார் 800 அடி உயரம். பகலில் மேலே நிற்பவன் கண்ணுக்குத் தப்பி ஒருவனும் ஏற முடியாது. புஸ்ஸியின் ஆட்கள் கீழே ஊர்வாசலை வெடி வைத்துத் தகர்த்து உள்ளே புகுந்தார்கள். மலைகளிலிருந்து குண்டுகள் விழுந்தபடி இருந்தன. அவர்கள் உடனே மேலே ஏறிவிடவில்லை. நிலா மறையும் வரை காத்திருந்தார்கள். நள்ளிரவு தாண்டி நிலா இறங்கியதும் மூன்று மலைகள் மீதும் ஒரே நேரத்தில் பாய்ந்தார்கள். விடியும்போது கோட்டை பிரெஞ்சுக்காரர் கையில். மேலே நிற்பவனுக்குக் கண் தெரியாவிட்டால் உயரத்தால் என்ன பயன்?

இன்று இரவுப் பார்வைக் கருவியோடு சுடக் கற்றுத் தரும் வகுப்பில் கணக்கு தலைகீழ். அங்கே நிலா இருந்தால் நல்லது!

முதலில் வெறும் கண்

இந்தப் பயிற்சி கருவியில் தொடங்குவதில்லை, கண்ணில் தொடங்குகிறது. வெளிச்சத்திலிருந்து வந்தவர் இருட்டுக்கு நன்றாகப் பழக ஏறக்குறைய அரை மணி நேரம் ஆகும். நடுவில் யாராவது டார்ச் அடித்தால் அவ்வளவும் வீண். மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதனால்தான் வெளிச்சம் பட்டால் ஒரு கண்ணையாவது மூடிக்கொள்ளச் சொல்கிறார்கள்.

இன்னொரு விசித்திரம். இருட்டில் ஒரு பொருளை நேராக உற்றுப் பார்த்தால் அது மறைந்துவிடும். நம் விழித்திரையின் நடுப்பகுதியில் மங்கலான ஒளியை உணரும் செல்கள் கிடையாது. அவை சுற்றிலும்தான் இருக்கின்றன. எனவே குறியைச் சற்றுத் தள்ளிப் பார்க்கப் பழக வேண்டும். நட்சத்திரம் பார்ப்பவர்களுக்கு இது பழைய வித்தை. துப்பாக்கி பிடித்தவருக்கு இது எளிதில் வராது. "குறியை விட்டுக் கண்ணை எடுக்காதே" என்றுதானே பகலெல்லாம் பாடம்! முனையிலுள்ள குறி தெரியாததால் துப்பாக்கியைச் சற்றே தூக்கிவிடுவார்கள். குண்டு தலைக்கு மேலே போகும். இரவில் புதிதாகச் சுடுபவர்களிடம் அடிக்கடி காணும் தவறு இது.

பிறகு கருவி

நைட் விஷன் என்றால் இருட்டைப் பகலாக்கும் மந்திரம் என்று சினிமா பார்த்து நினைத்துக்கொள்கிறோம். அது இருக்கிற ஒளியைப் பெருக்குகிறது, அவ்வளவுதான். நிலவொளியோ நட்சத்திர ஒளியோ உள்ளே விழுந்ததும் அது எலக்ட்ரான்களாக மாறுகிறது. அந்த எலக்ட்ரான்கள் நுண்ணிய துளைகள் நிறைந்த ஒரு தகட்டின் வழியே போகும்போது பல ஆயிரம் மடங்காகப் பெருகி, ஒரு சிறு திரையில் மோதிப் படமாகின்றன. பச்சை நிறத்தின் சாயல்களை நம் கண் நன்றாகப் பிரித்தறியும் என்பதால் அந்தத் திரை பெரும்பாலும் பச்சை. மூடிய குகைக்குள் துளி ஒளியும் இல்லையென்றால் இந்த வகைக் கருவியால் பயனில்லை. உடல் வெப்பத்தைக் காட்டும் தெர்மல் கருவி வேறு வகை. அதற்கு ஒளி வேண்டாம், ஆனால் கண்ணாடி ஜன்னலுக்கு அப்பால் இருப்பதை அதனால் காட்ட முடியாது.

கருவியை மாட்டியதும் உலகம் ஒரு குழாய்க்குள் சுருங்கிவிடுகிறது. பொதுவாகத் தெரிவது 40 டிகிரி மட்டுமே. பக்கத்தில் நிற்பவரைப் பார்க்கக்கூடத் தலையைத் திருப்ப வேண்டும். தூரமும் பள்ளமும் மேடும் சரியாகப் பிடிபடாது. செஞ்சியின் படிகளில் இதை மாட்டிக்கொண்டு இறங்குவதை நினைத்துப் பாருங்கள்! அதனால் சுடுவதற்கு முன் நடக்கவும், குனியவும், மேகஸின் மாற்றவும் பழக்குகிறார்கள்.

கண்ணில் கருவி இருக்கும்போது வழக்கம்போல் கன்னத்தைத் துப்பாக்கியில் பதித்துக் குறி பார்க்கவும் முடியாது. துப்பாக்கியில் பொருத்திய அகச்சிவப்பு லேசரின் புள்ளியை வைத்துச் சுட வேண்டும். வெறும் கண்ணுக்கு அந்தப் புள்ளி தெரியாது. ஆனால் எதிரியிடமும் இதே கருவி இருந்தால், லேசரைப் பார்த்து நாம் நிற்கும் இடத்தை அவன் கண்டுபிடித்துவிடுவான்.

யார் அது?

இவை எல்லாவற்றையும் விடக் கடினமான பாடம் ஒன்று இருக்கிறது. பச்சைத் திரையில் மனிதன் தெரிவான், முகம் தெரியாது. சீருடையின் நிறம் தெரியாது. வழி தவறி வந்த ஆடு மேய்ப்பவரா, திரும்பி வரும் நம் ரோந்துக் குழுவா, எதிரியா? கருவி "அங்கே ஒருவர் இருக்கிறார்" என்று மட்டும் சொல்லும். யார் என்று சொல்லாது. அடையாளம் தெரியாமல் சுடக் கூடாது என்ற விதி பகலில் சுலபம். இரவில் அதைக் கடைப்பிடிக்கத்தான் சங்கேதச் சொல், அகச்சிவப்பு விளக்கு, முன்கூட்டியே பேசிவைத்த பாதை எல்லாம் வேண்டியிருக்கிறது.

1999 கார்கில் போரிலும் எதிரி உச்சியில் இருந்தான். நம் வீரர்கள் பெரும்பாலும் இருட்டில்தான் ஏறினார்கள். திருச்சியைச் சேர்ந்த மேஜர் மாரியப்பன் சரவணன் படாலிக் பகுதியில் வீரமரணம் அடைந்ததும் மே 29 அன்று அப்படியொரு தாக்குதலில்தான். கருவிகள் மாறினாலும் இருட்டில் மலை ஏறுகிறவனின் ஆபத்து அப்படியே இருக்கிறது.

செஞ்சிக் கோட்டை 2025-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அடுத்த முறை ராஜகிரி உச்சிக்கு ஏறினால் 1750-ஆம் ஆண்டுக் காவலாளியைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள். நிலா போய்விட்டது, கீழே ஏதோ அசைகிறது, சுட வேண்டுமா வேண்டாமா என்று அவன் தவித்திருப்பான். இன்றைய வகுப்பில் கருவியை மாட்டிக்கொண்டு நிற்பவனுக்கும் அதே கேள்விதான். அவனுக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தெரிகிறது, அவ்வளவே.